ஓவர்சியர் பார்த்த வீடு

என் கொழுந்தன் காளிராஜ் வீடு வாங்கப் போகிறான் என்ற சேதியை என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். ரேஷன் கடையில் சீனி வந்திருக்கிறது என்று சொல்வாரே, அதே குரல். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, மனுஷர் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

பொறாமையே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, தலைவரைக்கும் இருந்தது. ஆனால் அதில் நியாயமும் இருந்தது, கேட்டுவிட்டுப் பேசுங்கள். காளிராஜைப் படிக்கவைத்தது என் வீட்டுக்காரர் வீரபாண்டிதான். பருத்திக் கமிஷன் கடையில் எடை எழுதுகிற சம்பளம் பத்தாது என்று, கல்யாணமாகி வந்த புதிதில் நான் சித்தாள் வேலைக்குப் போனேன். எட்டு வருஷம் செங்கல்லும் சாந்துமாகத் தலையில் சுமந்திருக்கிறேன். இந்தச் சங்கரன்கோவிலில் நான் செங்கல் சுமந்து எழும்பிய வீடுகள் பதினேழு, தெருத்தெருவாக எண்ணிச் சொல்வேன். ஒன்றில்கூட ஒரு பொழுது படுத்து எழுந்ததில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினாலு வருஷமாக ஒரே வாடகை வீட்டில், மழை பெய்தால் பாத்திரம் ஏந்திக்கொண்டு கிடக்கிறேன். அவன் படித்தான், மின்சார ஆபீசில் எழுத்தரானான், குருவிகுளத்தில் பெண் எடுத்தான், இப்போது வீடு வாங்குகிறான். வயிறு எரியாமல் குளிருமா?

அவன் பெண்டாட்டி முத்துத்தாய் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத முதல் குணம். ஒரு தடவையாவது வாய்க்கு வாய் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வாங்குகிற பொருள் எதையும் நான் நொட்டை சொல்லாமல் விட்டதில்லை. புதுச் சேலை எடுத்தால் சாயம் போகும் என்பேன், குடம் எடுத்தால் பித்தளை மட்டம் என்பேன். மின்விசிறி மாட்டியபோது, இதென்ன இந்தச் சத்தம் போடுது, உள்ளே ஏதோ தேய்ஞ்சு போன சரக்கைத் தலையில கட்டிட்டான் என்றேன். அவள் மறுநாளே அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிவிட்டு வந்தாள். உள்ளே நிஜமாகவே தேய்ந்திருந்ததாம். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டை விற்கிறவர் சுயம்புலிங்கம் என்று ஒரு மிளகாய் வியாபாரி. தேரடிக்கு மேற்கே மூன்றாவது தெருவில் காரை வீடு. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் குத்திய பழைய காலத்து மச்சு. முன்னால் பட்டாசல் என்று ஒரு கூடம், நடுவில் இரண்டு அறை, பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் கிணற்றோடு சின்னத் தோட்டம். வீட்டைக் காளிராஜுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும், வாங்குகிறவருக்கு மனசில் ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது, நானே என் செலவில் ஆளை வைத்து வீட்டை முழுக்கச் சோதித்துக் காட்டுகிறேன் என்று சுயம்புலிங்கம் சொல்லியிருக்கிறார். ரிட்டயரான ஓவர்சியர் ஒருத்தரைத் தென்காசிப் பக்கத்திலிருந்து வரவழைக்கிறாராம், பார்த்து முடித்ததும் அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி ஒரு காகிதம் தருவாராம்.

என் வீட்டுக்காரர் அபூர்வமாகத்தான் புத்தியாகப் பேசுவார். அன்றைக்குப் பேசினார். நமக்குத் தெரிந்த கொத்தனார் ஒருத்தரையும் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்வோமே என்றார். காளிராஜ் கேட்கவில்லை. அவர் ஒரு ஆளை வைத்துக் காட்டிய பிறகு நாம் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் மனுஷனை நம்பாத மாதிரி ஆகிவிடும், கோபித்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், கடையநல்லூரிலிருந்து ஒரு சவுதிக்காரர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார் என்றான். அதோடு விட்டானா, ஓவர்சியர் நம்மிடம் ஒரு பைசா வாங்கவில்லை, அப்படிப்பட்டவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார் என்று அண்ணனுக்கே பாடம் நடத்தினான். பைசா கொடுத்தவருக்குத்தானே அவர் பேசுவார் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. என்னிடம் யார் கேட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் முத்துத்தாய் கேட்டாள். ஓவர்சியர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவளே நடந்து வந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஓவர்சியர் வீட்டைப் பாக்க வாராரு. நீங்களும் வந்து ஒரு பார்வை பாக்கணும்."

வீடு வாங்குகிற பவுசை என் கண்ணில் காட்டி வேகவைப்பதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போகக்கூடாது என்று இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியாதே, போனேன்.

மாசி மாசம். இரண்டு மாசமாக ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. ஓவர்சியர் வேட்டி சட்டையில், தங்க பிரேம் கண்ணாடியோடு வந்தார். சுயம்புலிங்கம் வீட்டில் இட்லி காபி முடித்து வந்த களை முகத்தில் தெரிந்தது. தோல் பையிலிருந்து தூக்குக்குண்டு, டேப்பு, சின்னச் சுத்தியல் எல்லாம் எடுத்து வைத்தார். சுவர் ஓரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். சுவரைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் காளிராஜ் தலையை ஆட்டினான். எனக்கோ அவன் தலையில் அந்தச் சுத்தியலால் ஒன்று போட்டால் தேவலை என்று இருந்தது.

நானும் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். ஒரு குறை அகப்படாதா என்று ஏங்கினேன். முன்பகுதி கெட்டி, பொய் சொல்லக்கூடாது. பட்டாசலில் நிற்கும்போதே, இங்கே ஒரு ஊஞ்சல் போடலாம், அதில் நான் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நினைத்ததற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பின்னறைக்குப் போனோம். அதன் கதவைத் திறந்தால் தோட்டம், சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சளும் குங்குமமும் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. ஓவர்சியர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"கோமதி அம்பாளே வீட்டோட வந்து உக்காந்திருக்கா. இதுக்கு மேல இந்த மனைக்கு நான் என்ன சர்டிபிகேட் குடுக்க?" என்றார்.

எங்கள் ஊரில் புற்று என்றால் சாதாரணமா? கோயில் புற்றுமண்தான் எங்களுக்கு மருந்து, திருநீறு எல்லாம். காய்ச்சல் வந்தாலும் அதுதான், சொறி சிரங்குக்கும் அதுதான். அதன் பக்கத்தில் மண்வெட்டியை வைக்க இந்த ஊரில் எவனுக்கும் கை வராது, எனக்கும் வராது. எல்லாரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சிட்டிகை மண் கிள்ளி நெற்றியில் பூசிக்கொண்டோம். என் விரலில் பட்ட மண் ஈரமாக இருந்தது.

மழையில்லாத மாசியில் புற்றுமண் ஈரமாக இருக்கிறதென்றால் கறையான் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, புது மண் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எட்டு வருஷம் வேலை பார்த்த எனக்கு அது தெரியாதா? எல்லாரும் இன்னொரு தரம் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அறைக்குள் திரும்பி வந்தேன். கதவுக்குப் பின்னால், சுவர் மூலையில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு மண் கோடு மேலே போயிற்று. அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். கோடு நேராக உத்தரத்துக்குப் போய் முடிந்தது. உத்தரத்துக்குப் புதுசாகப் பச்சைப் பெயின்ட். கதவு நிலையை விரல் முட்டியால் தட்டினேன். கெட்டிச் சத்தம் வரவில்லை. பொத்தென்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வாங்கட்டும், நல்லா வாங்கட்டும், படித்த மூளைக்கு முத்திரை குத்தின காகிதம் போதுமே என்று நினைத்தேன். ஓவர்சியர் ஏணி போட்டுப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையில் வாயால் ஊதிக் குத்தினார்.

வெளியே வந்ததும் முத்துத்தாய் என்னை ஓரமாக அழைத்துப் போனாள். என் முகத்தையே பார்த்தாள்.

"வீடு எப்படிக்கா இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் இல்ல," என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜெயித்துவிட்ட திமிர் என்று நினைத்துக் கையை உருவிக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே முன்பணம் கொடுத்தார்கள். பங்குனியில் பத்திரம் பதிந்தார்கள்.

பால் காய்ச்சின அன்றைக்குத்தான் முத்துத்தாய் முழுகாமல் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து. வீட்டையும் கொடுத்து வயிற்றையும் திறந்திருக்கிறானே கோயில் சங்கரலிங்க சாமி, எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை என்று எரிந்தேன். எரிச்சல் கொஞ்சம் தணிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பின்னறையைப் பிள்ளைக்கு என்று ஒதுக்கியிருந்தாள். காற்றோட்டம் அங்கேதானாம், அம்பாளும் பக்கத்தில் இருக்கிறாளாம். உத்தரத்தில் தொட்டில் மாட்ட ஒரு இரும்பு வளையம் ஏற்கெனவே இருந்தது. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அதற்கு நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஏதாவது சாக்கு வைத்து அவர்கள் வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மண் கோடு ஒன்று மூன்றாகியிருந்தது. முத்துத்தாய் வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆடி கடைசியில் குருவிகுளத்தில் அம்மா வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தது. சேதி வந்த அன்றைக்குச் சிரித்தேன், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

ஐப்பசியில் மூன்றாம் மாசம் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். நல்ல மழை. தொட்டில் போடுவதற்கு நாள் பார்த்து, மூன்று பிள்ளை பெற்றவள், மூத்தவள், பெரியம்மா கையாலேதான் தொட்டில் கட்ட வேண்டும் என்று முத்துத்தாய் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா இருந்தாள், நாங்கள் இருந்தோம், வேறு யாரும் இல்லை. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பழைய சேலை ஒன்றை என் தோளில் மாட்டினார்கள். பிள்ளை கொழுகொழுவென்று, வாயில் பால் வாசனையோடு தூங்கினான். நான் மேலே வளையத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றிப் பச்சைப் பெயின்ட் குமிழ் விட்டிருந்தது.

பட்டாசலில் கட்டலாமே, போகிற வருகிற நாலு பேர் கண்ணில் பிள்ளை படட்டும் என்று இழுத்துப் பார்த்தேன். கண் படும் என்று முத்துத்தாயின் அம்மா அதை மறுத்தாள். இங்கே ஈரமாக இருக்கிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றேன். காளிராஜுக்கு அலுத்துவிட்டது, கட்டுங்க மதினி, நல்ல நேரம் போகுது என்றான். இனிமேல் சுற்றி வளைக்க வழியில்லை.

"அந்த உத்தரத்துல கட்டாதீங்க. அதுல மரமே இல்ல," என்றேன்.

காளிராஜ் சிரித்தான். சிரிப்பில் கோபமும் இருந்தது. ஆறு வருஷமாக அவன் மனசில் கிடந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. நாங்க எது வாங்குனாலும் உங்களுக்கு ஆகாது, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற நாளிலும் அந்தப் பொறாமையை விடமாட்டீங்களா என்றான். படித்த ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதைவிடச் செங்கல் சுமந்த உங்கள் கண் பெரிசா என்றான். என் வீட்டுக்காரர் ஏலே, ஏலே என்று அடக்கினார். அவன் அடங்கவில்லை. முக்காலியில் ஏறி, பாருங்க என்று சொல்லி வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான்.

நாலு விநாடி தாங்கியிருக்கும். வளையம் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அவன் மல்லாக்க விழுந்தான், அவன் நெஞ்சில் பச்சைத் தோலும் அதற்குள்ளிருந்த மண்ணும் கொட்டின. மேலே இருந்து சுண்ணாம்புக் காரை இரண்டு கட்டியாக விழுந்தது. வெள்ளைக் கறையான்கள் தரையெங்கும் ஊர்ந்தன. நான் பிள்ளைமேல் கவிழ்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்திருக்கவில்லை, உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கினான்.

எல்லாரும் பட்டாசலுக்கு ஓடி வந்தோம், நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். காளிராஜுக்கு முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் அடி. வலியோடேயே பீரோவைத் திறந்து ஓவர்சியரின் காகிதத்தை எடுத்தான். மாசியிலிருந்து அதை அப்போதுதான் முழுசாகப் படிக்கிறான். சுவர், தரை, கிணறு எல்லாவற்றுக்கும் வரி வரியாக எழுதியிருந்தது. மரத்துக்கு மட்டும் ஒரே வரி. மரவேலைகள், கண்ணுக்குத் தெரிந்த அளவில், திருப்திகரம். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான், சுயம்புலிங்கத்தை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்றான். சுயம்புலிங்கம் வீட்டை விற்ற கையோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டது அவனுக்கும் தெரியும்.

முத்துத்தாய் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

இப்பத்தான், மேலே பெயின்ட் குமிழ் விட்டதைப் பார்த்துத்தான் என்று ஒரு பொய் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் பிள்ளை என் மடியில் கிடந்தான். என்னால் முடியவில்லை.

"ஓவர்சியர் வந்த அன்னைக்கே தெரியும்."

என் வீட்டுக்காரர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காளிராஜ் ஏதோ கத்த வாயைத் திறந்தான், முத்துத்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தத் தெரியும் எனக்கு. அவள் எப்போதும்போலத்தான் பேசினாள்.

"அந்த ஓவர்சியர் சொன்னதை நான் ஒரு சொல்லு நம்பலக்கா. அவரு விக்கிறவரு கூட்டியாந்த ஆளு, நல்லாருக்குன்னுதான் சொல்லுவாரு. இவுகளுக்கு அது புரியல. அதான் உங்களைக் கூப்பிட்டேன். எங்க வீட்டுல ஒரு சின்னக் குத்தம் இருந்தாக்கூட உங்களுக்குப் பொறுக்காது, முதல்ல நீங்கதான் சொல்லுவீங்க. நீங்களே ஒரு குறையும் இல்லன்னு சொன்னீங்க. அதுக்குப் பிறகுதான் முன்பணம் குடுக்கச் சொன்னேன்."

என் ஆயுசில் என்னை யாரும் அந்த அளவுக்கு நம்பியதில்லை. என் வீட்டுக்காரர் நம்பியதில்லை, பெற்ற பிள்ளைகள் நம்பியதில்லை. நான் யார், என் மனசு எப்படிப்பட்டது என்று முழுசாகத் தெரிந்து, அந்த மனசையே நம்பிப் பத்திரம் போட்டிருக்கிறாள் ஒருத்தி. நான் ஏதாவது சொல்ல வேண்டும். பிள்ளைமேல் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

முத்துத்தாய் கிட்ட வந்து குனிந்தாள். தலைக்கு அடியில் ஒரு கையும் முதுகுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, தூக்கம் கலையாமல், பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.